லிங்க்டு லிஸ்ட்: கடைசியில் சேர்த்தால் வருகிறது, முன்னால் சேர்த்தால் காணோம்

கேள்வி

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். சி-யில் லிங்க்டு லிஸ்ட் (ஒவ்வொரு நோடும் தன் தகவலோடு அடுத்த நோடின் முகவரியையும் வைத்திருக்கும் சங்கிலி) எழுதும்போது மூன்று நாளாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வியாழக்கிழமை லேப் இன்டர்னல்.

முதல் நோடை மெயினில் உருவாக்குகிறேன். கடைசியில் சேர்க்கும் ஃபங்ஷன் வேலை செய்கிறது. முன்னால் சேர்க்கும் ஃபங்ஷனுக்கு ஹெட்டை (முதல் நோடைக் காட்டும் பாயின்டர்) அனுப்பி, உள்ளே இப்படி எழுதினேன்:

புது->நெக்ஸ்ட் = ஹெட்;
ஹெட் = புது;

எரர் எதுவும் இல்லை. ஃபங்ஷனுக்குள் பிரின்ட் செய்தால் புது நோடு இருக்கிறது. மெயினுக்கு வந்தால் பழைய லிஸ்ட்தான். பாயின்டரைத்தானே அனுப்பினேன், ஏன் மாறவில்லை?

இன்னொன்று: லேபில் ஒழுங்காக ஓடிய அதே புரோகிராம் வீட்டு லேப்டாப்பில் சில சமயம் பிரின்ட் முடியும் இடத்தில் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று நின்றுவிடுகிறது.

பதில் 1

ஹெட்டை குளோபலாக வைத்துவிடுங்கள், சரியாகிவிடும்.

பதில் 2

குளோபல் வேண்டாம்மா. பாராமீட்டருக்கும் ஹெட் என்றே பெயர் இருந்தால் உள்ளே அதுதான் எடுபடும், தவறு அப்படியே இருக்கும். நாளைக்கு இரண்டு லிஸ்ட் வைக்கச் சொன்னால் அதற்கும் வழியில்லை.

பாயின்டர் என்பது வீட்டு முகவரி எழுதிய துண்டுச்சீட்டு. சி எதை அனுப்பினாலும் நகல் எடுத்துத்தான் அனுப்பும், பாயின்டரையும் அப்படித்தான். என் கையில் இருப்பது உங்கள் சீட்டின் நகல். அதைப் பார்த்து வீட்டுக்குப் போய்ச் சுவரில் வெள்ளையடித்தால் நீங்கள் வந்தாலும் வெள்ளைச் சுவர்தான் தெரியும். நீங்கள் கடைசியில் சேர்க்கும்போது நடப்பது அது. என் சீட்டில் முகவரியை அடித்து வேறு எழுதினால்? உங்கள் சீட்டில் பழைய முகவரிதானே இருக்கும். ஹெட் = புது என்ற வரி செய்வது இதைத்தான்.

எளிய வழி, ஃபங்ஷன் கடைசியில் ஹெட்டை ரிட்டர்ன் செய்யட்டும். மெயினில்:

ஹெட் = முன்சேர்(ஹெட், 30);

இது பழகிய பிறகு ஹெட்டின் முகவரியையே அனுப்பி டபுள் பாயின்டரில் (பாயின்டரின் முகவரியை வைத்திருக்கும் பாயின்டர்) வாங்கிப் பாருங்கள். இரண்டையும் ஒரு தடவை தாளில் கட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து பாருங்கள். நானும் பாயின்டரைத் தாளில்தான் கற்றேன்.

இரண்டாவது சிக்கலுக்கு: கடைசியில் சேர்க்கும்போது புது->நெக்ஸ்ட் = நல் (அடுத்து எதுவும் இல்லை என்ற அடையாளம்) என்று எழுதினீர்களா?

கேள்வி கேட்டவர்

இல்லை அண்ணா! விட்டுவிட்டேன். ஆனால் லேபில் ஓடியதே?

பதில் 3

புது நோடுக்கு நினைவகத்தில் இடம் வாங்கித் தரும் மால்லாக், இடத்தைக் கொடுக்குமே தவிர, துடைத்துக் கொடுக்காது. அங்கே தற்செயலாகப் பூஜ்யம் இருந்தால் லிஸ்ட் முடிந்ததாக நினைத்து நின்றுவிடும். குப்பை இருந்தால் அதையும் முகவரி என்று நம்பிப் போய் விழும். லினக்ஸ் இருந்தால் மைனஸ் ஜி போட்டு கம்பைல் செய்து நினைவகத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்டில் ஓட்டுங்கள், எந்த வரி என்று காட்டிவிடும். தங்கச்சி, ஓடிவிட்டது என்பதை மட்டும் வைத்துச் சரி என்று முடிவு பண்ணாதீங்க.

கேள்வி கேட்டவர்

இரண்டையும் மாற்றினேன். 10, 20, 30 வரிசையாக முன்னால் சேர்த்தேன், 30 20 10 என்று வந்தது! ரொம்ப நன்றி. முழு லிஸ்டையும் அழிக்க லூப்பில் ஃப்ரீ போட்டால் போதுமா?

பதில் 2

போதும், ஆனால் ஃப்ரீ செய்வதற்கு முன்னால் நெக்ஸ்டை வேறொரு பாயின்டரில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீ செய்த நோடுக்குள் திரும்ப எட்டிப் பார்க்கக்கூடாது.