மேசைக்குள் மிஞ்சிய பச்சை

பழைய பிரெஞ்சு மரச்சாமான் என்றாலே தேன் நிறமும் பழுப்பும்தான் என்று நினைத்திருந்தேன். வெர்சாய் அரண்மனையில் பதினைந்தாம் லூயியின் சுருள்மூடி மேசையைப் பார்த்தபோதும் அப்படித்தான் தோன்றியது. 1760-ல் ஓபென் என்ற தச்சர் தொடங்கி, 1763-ல் அவர் இறந்தபின் ரீசனர் என்ற தச்சர் 1769-ல் முடித்த மேசை அது. பிரமாதமான வேலைதான், ஆனால் மரத்தகடுகளை வெட்டிப் பதித்த பூக்கள் ஏன் இப்படி வாடிக் கிடக்கின்றன என்று இருந்தது.

பதில் பாரிஸில் த்ரூவோ ஏலக்கூடத்தில் கிடைத்தது. ஏலத்துக்கு முன் சாமான்களைக் காட்சிக்கு வைப்பார்கள். யாரும் போகலாம், டிக்கெட் கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டு என்று அட்டை போட்ட ஓர் எழுத்துமேசை. வெளியே பூங்கொத்து முழுக்க ஒரே பழுப்பு. கேட்டதும் அங்கிருந்த பெண் முன்பலகையை இறக்கிக் காட்டினார். உள்ளே குட்டி இழுப்பறைகளின் முகப்பில் இலைகள் பச்சையாகவே இருந்தன! இதழ்களில் சிவப்பு மிச்சம்.

வெளிறிய மரத்தை மெல்லிய தகடாக அறுத்து, சாயத்தில் ஊறவைத்துத்தான் அந்தப் பச்சையையும் சிவப்பையும் கொண்டுவந்தார்கள். வெளிச்சம் பட்ட பக்கம் சாயம் போய்விட்டது. சாயமே தேவைப்படாத அமராந்த் மரம்கூட ஊதாவிலிருந்து பழுப்புக்கு வந்துவிடும். புதிதாக இருந்தபோது கல்யாண வீட்டு ஜமக்காளம் மாதிரி கண்ணைப் பறித்திருக்கும். இன்று நாம் ‘அடக்கமான ரசனை’ என்று மெச்சுவதில் பாதி வெயிலின் வேலை.

வெளியிலும் பிழைத்தது நிழல் மட்டும். சூடான மணலில் தகட்டின் ஓரத்தைச் செருகிக் கருக்குவார்கள். இதழ் மடிந்திருப்பது போலத் தெரியும். அது சாயமல்ல, மரமே கருகியது. இலை நரம்புகள் வேறு கதை. அவற்றை உளியால் கீறிக் கறுப்பு நிரப்புவார்கள். புதுப்பிக்கிறேன் என்று மேற்பரப்பைச் சுரண்டினால் நரம்பெல்லாம் போய் இலை மொட்டையாகிவிடும். ஏலக்கூடத்து மேசைக்கும் யாரோ அதைச் செய்திருந்தார்கள். எனக்கு அதுதான் வெயிலைவிட எரிச்சல்.

ஏலத்துக்கு வருகிறவர்கள் முதலில் தேடுவது தச்சரின் முத்திரையை. போலி முத்திரைகளும் உண்டு என்பதால் நான் அதில் தலையிடுவதில்லை. திறந்து காட்டச் சொல்வேன், அவ்வளவுதான்.

லண்டன் வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்தில் ரீசனரின் சாமான்கள் சில இருக்கின்றன, அனுமதி இலவசம். அங்கே உட்புறத்தைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்களேன்.