குன்னூர் குளிரில் தயிர் உறையவில்லை. அம்மாவின் உறைமோரைக் காப்பாற்ற வழி உண்டா?

தாமிரபரணிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலாகி ஜூன் மாதம் திருநெல்வேலியிலிருந்து குடும்பத்தோடு குன்னூர் வந்தோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், அப்புறம் என் அம்மா. வீடு, பள்ளி எல்லாம் நல்லபடியாக அமைந்துவிட்டது. தயிர்தான் அமையவில்லை.

ஊரில் அம்மா தயிருக்காக யோசித்து நான் பார்த்ததே இல்லை. இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும், ஆறிய பாலில் ஒரு சின்னக் கரண்டி மோரை விட்டு, தட்டு போட்டு மூடி, அடுப்பு மேடை ஓரத்தில் வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். காலையில் தயிர் தயாராக இருக்கும். சித்திரை வெயிலில் நான்கைந்து மணி நேரத்திலேயே உறைந்து புளிக்க ஆரம்பித்துவிடும் என்பதால், அந்த நாட்களில் காலையில் உறை ஊற்றி மதியத்துக்கு எடுப்பார். எனக்கு நினைவு தெரிந்து எங்கள் வீட்டில் கடைத் தயிர் வாங்கியதில்லை. வீடு மாறிய அன்றுகூட எவர்சில்வர் தூக்கில் உறைமோரை எடுத்து, வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

இங்கே வந்த புதிதில் மதியத்துக்குள் ஏதோ ஒரு மாதிரி உறைந்துகொண்டிருந்தது. கார்த்திகை பிறந்ததிலிருந்து அதுவும் இல்லை. இரவு பத்து மணிக்கு உறை ஊற்றினால் காலையில் பால் பாலாகவே இருக்கிறது. மதியம் மூன்று மணிக்குப் பார்த்தால் கொழகொழவென்று, கரண்டியில் எடுத்தால் நூல் போல இழுக்கிறது. புளிப்பே இல்லை, லேசாகக் கசக்கிறது. ஒரு நாள் பொறுமை இழந்து, பாத்திரத்தைக் கொதிக்கிற வெந்நீரில் இறக்கி வைத்தேன். மேலே மஞ்சள் தண்ணீர், கீழே கட்டி கட்டியாகப் பால். அதை அம்மா பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து இரவில் தயிர் சாதம் கேட்பதை நிறுத்திவிட்டார். ரசத்தோடு எழுந்துவிடுகிறார். பிள்ளைகளோ கடையில் விற்கும் பழச்சுவைக் கப் தயிருக்குப் பழகிவிட்டார்கள். வெள்ளைத் தயிரை வைத்தால் சின்னவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

ஊரிலிருந்து வந்த அந்த உறைமோரில் கடைசியாக இரண்டு கரண்டி ஒரு கிண்ணத்தில் ஃபிரிட்ஜில் இருக்கிறது. அதைத் தொட எனக்குப் பயமாக இருக்கிறது. வாங்குவது ஆவின் நீல பாக்கெட். இந்தக் குளிரில் எப்படி உறைய வைப்பது? நூல் இழுக்கும் தயிரைச் சாப்பிடலாமா? மிளகாய்க் காம்பு போட்டுப் புதிதாக உறை எடுக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், அது சரிவருமா? எல்லாவற்றையும் விட, அம்மாவின் உறைமோரைத் தக்கவைக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி.

கோத்தகிரி அக்கா:

தம்பி, கவலைப்படாதீர்கள். நான் மதுரையிலிருந்து கல்யாணமாகி மலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நானும் முதல் குளிர்காலத்தில் இப்படித்தான் தவித்தேன். நீங்கள் சொல்லும் உறைமோரை எங்கள் பக்கம் பிரைமோர், பிரை என்போம்.

இந்த ஊரில் பாலை வெளியில் வைத்து உறைய வைக்க முடியாது. சூட்டைப் பிடித்து வைக்கும் இடம் ஒன்று வேண்டும். வீட்டில் சப்பாத்தி வைக்கும் ஹாட்பாக்ஸ் இருக்கும் அல்லவா, அது போதும். முதலில் அதில் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிடுங்கள். இல்லையென்றால் அந்தக் குளிர்ந்த பாத்திரமே பாலின் சூட்டை உறிஞ்சிவிடும். நன்றாகக் காய்ச்சிய பால், விரலை விட்டுப் பத்து எண்ணும் வரை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிரை சேர்த்து, இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஒரு தடவை ஆற்றி, ஹாட்பாக்ஸில் ஊற்றி மூடுங்கள். மேலே ஒரு பழைய கம்பளி. நான் அதை அப்படியே அரிசி டிரம்முக்குள் இறக்கிவிடுவேன். சுற்றிலும் அரிசி இருந்தால் விடியும் வரை சூடு போகாது.

ஊரில் சொட்டு மோர் போதும், இங்கே அரை லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி விடுங்கள். பச்சை பாக்கெட்டுக்கு மாறிப் பாருங்கள். நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5. ஏடு படியும் தயிர் வேண்டுமென்றால் அது உதவும். உறையும்வரை யாரும் திறந்து ஆட்டிப் பார்க்கக் கூடாது, முக்கியமாகப் பிள்ளைகள்.

அப்புறம் ஒன்று. காலையில் தயிரைத் திறந்ததும், வேறு யாரும் கரண்டி போடுமுன் மறுநாளைக்கான பிரையைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடிவிடுங்கள். சாப்பிட்டு மிச்சமானதிலிருந்து எடுத்தால் எச்சில் பட்டு நாலே நாளில் கெட்டுவிடும்.

பால்பண்ணை:

பால் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் பதினான்கு வருடம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். அக்கா சொன்ன ஹாட்பாக்ஸ் முறையைத்தான் நானும் சொல்வேன். ஆனால் சூடு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வேறு கருத்து உண்டு. உங்கள் கேள்வி அம்மாவின் உறைமோரைப் பற்றியது என்பதால் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

வீட்டு உறைமோரில் ஒரே ஒரு பாக்டீரியா இருப்பதில்லை, ஒரு கூட்டமே இருக்கும். லாக்டோகாக்கஸ் வகைகளுக்கு ஏறக்குறைய 30 டிகிரி பிடிக்கும். கடை யோகர்ட்டில் சேர்க்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ் இரண்டும் 40 டிகிரிக்கு மேல்தான் வேகமாக வளரும். நாம் எந்தச் சூட்டில் வைக்கிறோமோ அதற்கு ஏற்றவை பெருகும், மற்றவை ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே போகும். உங்கள் அம்மாவின் உறைமோர் இத்தனை வருடம் திருநெல்வேலி சமையலறையின் இரவுச் சூட்டில் வளர்ந்தது. தினமும் 45 டிகிரியில் வைத்தால் தயிர் கெட்டியாக உறையும், ஆனால் ஒரு மாதத்தில் அது வேறு தயிராகிவிடும். ஆகவே 36, 37 டிகிரியில் உறை ஊற்றுங்கள். ஹாட்பாக்ஸில் அது மெல்ல இறங்கி முப்பதை ஒட்டி நிற்கும். உறைமோரை மட்டும் மலைக்குக் கொண்டுவந்தால் போதாது, அது பழகிய சூட்டையும் கொண்டுவர வேண்டும்.

நூல் இழுப்பதற்கும் காரணம் இதுதான். குளிரில் நல்ல பாக்டீரியாக்கள் மந்தமாகிவிட, குளிரைத் தாங்கும் வேறு சில உள்ளே புகுந்து பசை போன்ற பொருளை உண்டாக்குகின்றன. நூல் இழுப்பது எல்லா நேரமும் கெடுதல் அல்ல. பின்லாந்தில் வீலி என்று ஒரு தயிர் உண்டு, நூல் போல நீள்வதுதான் அதன் அழகே. அங்கே அதைச் செய்வது நல்ல லாக்டிக் பாக்டீரியா. உங்களுடையதில் புளிப்பில்லை, கசப்பு வேறு இருக்கிறது. அதைக் கொட்டிவிடுங்கள், அதிலிருந்து உறை எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஃபிரிட்ஜில் இருக்கும் கடைசிக் கரண்டிகளை இப்படி மீட்கலாம். பாதியை மட்டும் எடுங்கள், மீதி பத்திரமாக இருக்கட்டும். 100 மில்லி பாலில் ஒரு தேக்கரண்டி விட்டு, நான் சொன்ன சூட்டில் உறைய வையுங்கள். முதல் தடவை பத்து, பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். உறைந்ததும் அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து இன்னொரு 100 மில்லி. இப்படி மூன்று தடவை. நேரம் குறைந்துகொண்டே வந்தால் உயிர் வந்துவிட்டது என்று பொருள். மூன்றாவதிலிருந்து இரண்டு கரண்டியைச் சுத்தமான சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். என்றைக்காவது தவறிப்போனாலும் கைவசம் இருக்கும்.

பாலைப் பொங்கியதும் இறக்கிவிடாமல் சிறு தீயில் பத்து நிமிடம் வையுங்கள். 85 டிகிரிக்கு மேல் சற்று நேரம் இருந்தால் பாலிலுள்ள மோர்ப்புரதம், கேசின் என்ற இன்னொரு பால் புரதத்தோடு சேர்ந்து, தயிர் தண்ணீர் விடாமல் இறுகும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதிக்கும். இருந்தாலும் இதற்கு அது போதும். கொதிநீரில் இறக்கியபோது அதிகச் சூட்டில் உறைமோர் செத்துப் பால் திரிந்துபோனது. அதை நினைத்து மனம் வருந்த வேண்டாம், எல்லோரும் ஒரு முறை செய்வதுதான்.

மிளகாய்க் காம்பில் சில நேரம் உறையும், காம்பில் இருக்கும் பாக்டீரியாக்கள்தான் காரணம். கூடவே வேறு என்ன வரும் என்று சொல்ல முடியாது. கையில் உறைமோர் இருக்கும்போது அது எதற்கு?

பிள்ளைகளுக்காக ஒன்று. புரோபயாட்டிக், அதாவது உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள பாக்டீரியா கொண்டது என்று சொல்ல, எந்த வகை பாக்டீரியா, எவ்வளவு, என்ன நன்மை என்பது ஆய்வில் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுத் தயிரை அப்படி அளந்து சொல்ல முடியாது. ஆனால் அதில் உயிருள்ள பாக்டீரியா கோடிக்கணக்கில் உண்டு, பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையும் ஓரளவு குறைந்திருக்கும், பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்வது அதனால்தான். கொதிக்கும் சாதத்தில் தயிரை ஊற்றினால் அவை செத்துவிடும். சாதத்தைப் பால் விட்டுக் குழைத்து, கை பொறுக்கும் சூடு வந்த பிறகு தயிர் சேர்க்கும் நம் வீட்டுப் பழக்கம் சரியானது.

மட்டுநகர் மகள்:

அண்ணா, நான் மட்டக்களப்பு. எங்கள் பக்கம் எருமைத் தயிருக்குப் பேர்போன இடம். பாலை வடிவாகக் காய்ச்சி, உறை விட்டு, மண் சட்டியில் ஊற்றி, மேலே தாள் கட்டி வைப்பார்கள். எருமைப் பாலில் கொழுப்பு கூட, அதோடு சட்டியும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கத்தியால் வெட்டுகிற மாதிரித் தயிர் வரும். கலியாண வீட்டிலும் கடைசியில் தயிரும் கித்துள் பாணியும் (கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சிய பாகு) வைத்தால்தான் சாப்பாடு முடிந்ததாகக் கணக்கு.

பிள்ளைகள் கப் தயிர் கேட்பதை வாசித்தபோது இதுதான் நினைவு வந்தது. அவர்கள் கேட்பது இனிப்பை. உங்கள் ஊர்ப் பக்கம் நல்ல கருப்பட்டி கிடைக்குமே! காய்ச்சி வடிகட்டிப் பாணி போல எடுத்து, கெட்டித் தயிரின் மேல் ஒரு கரண்டி விட்டுக் கொடுத்துப் பாருங்கள். கலக்க வேண்டாம், கலந்தால் நீர்த்துப்போகும். எங்கள் வீட்டில் சின்னவர்களுக்கு வெள்ளைத் தயிர் பழகியது பாணியால்தான். பாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன், அவர்கள் கவனிக்கவேயில்லை.

சட்டி பாவிப்பதென்றால் குளிர் காலம் முடியட்டும். மண் சட்டி சூட்டைச் சீக்கிரம் விட்டுவிடும்.

தாமிரபரணிக்காரன்:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். முடிவு தெரியாமல் எழுத மனம் வரவில்லை.

ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். இரவு சமையலறை 13 டிகிரி காட்டியது, பாவம் அந்தப் பால் என்ன செய்யும்! முதல் 100 மில்லி பதினொரு மணி நேரம் எடுத்தது. உறைந்தது என்று சொல்ல முடியாது, கெட்டியான மோர் போல இருந்தது, ஆனால் புளிப்பு இருந்தது, நூல் இழுக்கவில்லை. இரண்டாவது ஒன்பது மணி நேரம். மூன்றாவது ஏழு மணி நேரத்தில் உறைந்தது. டம்ளரைச் சாய்த்தேன், அசையவில்லை. மகளை எழுப்பிக் காட்டினேன், காலை ஐந்தரை மணிக்கு.

இப்போது தெர்மாமீட்டர் மகளின் பொறுப்பு. 37 வந்ததும் "இப்ப!" என்று கத்துவாள். சின்னவன் கம்பளி சுற்றுபவன். அரிசி டிரம்மில் இறக்குவது நான். பச்சை பாக்கெட்டுக்கு மாறிவிட்டோம். ஃப்ரீஸர் டப்பாவில் மனைவி "அத்தை உறை" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். கருப்பட்டிப் பாகு யோசனைக்குத் தங்கச்சிக்கு நன்றி. சின்னவன் ஒரு கிண்ணம் முடித்துவிட்டு இன்னொன்று கேட்டான், கப் தயிர் ஞாபகம் இன்னும் முழுதாகப் போகவில்லை, ஆனாலும் பரவாயில்லை.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நேற்று முன்தினம் இரவு சாப்பாட்டில் தயிர்ப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். ரசம் சாதம் முடிந்து எழப்போனவர், தட்டைத் திறந்து பார்த்தார். சுண்டுவிரலால் ஓரத்தில் தொட்டு நாக்கில் வைத்தார். அப்புறம் உட்கார்ந்து, சாதம் போடச் சொன்னார்.

பிசைந்துகொண்டே, "நம்ம வீட்டுப் புளிப்பு கொஞ்சம் வந்திருக்கு, இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்றார். நேற்றிலிருந்து உறை ஊற்றுவது அவர்தான், விரல் விட்டுச் சூடு பார்க்கிறார். மகள் தெர்மாமீட்டரை வைத்துச் சரிபார்த்தாள். 36 காட்டியது.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. அம்மா மோர் மிளகாய் போட வேண்டும் என்கிறார். இங்கே இப்போது வெயில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் அடிக்கிறது. கோத்தகிரி அக்கா, நீங்கள் எப்படிக் காய வைக்கிறீர்கள்?

கோத்தகிரி அக்கா:

படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது தம்பி. அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். மோர் மிளகாய்க்குப் பனி விலகும் மாசி, பங்குனி வரை பொறுக்கச் சொல்லுங்கள், இப்போது போட்டால் பூசணம் பிடிக்கும். அதுவரை நான் போன பங்குனியில் போட்டதில் ஒரு டப்பா இருக்கிறது. கோத்தகிரிப் பக்கம் வந்தால் வாங்கிக்கொண்டு போங்கள்.