புதுப்பிப்பு: 911 எஸ்சி-யில் எண்ணெய் வாடை அடங்கியது

போன மாதம் கேட்டிருந்தேன்: போர்ஷே 911 எஸ்சி காரில் கே-ஜெட்ரானிக் ஃப்யூல் இன்ஜெக்ஷனைக் கழற்றி வெபர் கார்புரேட்டர் மாட்டினால், எண்ணெய்த் தொட்டியின் பிரீதர் ஹோஸை (எண்ணெய் ஆவி வெளியேறும் குழாய்) எங்கே விடுவது?

முதலில் ஹோஸின் வாயில் ஒரு குட்டி ஃபில்டரைச் செருகினேன். சோம்பேறித்தனம்தான். இரண்டே நாளில் அது சொதசொதவென்று ஊறி, ஹீட்டரைத் திறந்தால் உள்ளே ஒரே எண்ணெய் வாடை. ஹீட்டருக்குக் காற்று எஞ்சின் விசிறியிலிருந்துதானே வருகிறது!

இப்போது ஹோஸ் கேட்ச் கேனுக்கு, அதாவது ஆவியோடு வரும் எண்ணெயைப் பிடித்துவைக்கும் டப்பாவுக்குப் போகிறது. அங்கிருந்து இன்னொன்று ஏர் ஃபில்டர் அடித்தட்டுக்கு. இன்டேக் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) இணைக்கவில்லை, பிசிவி வால்வு (ஆவியின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) இல்லாமல் அங்கே கொடுத்தால் ஐட்லிங், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடுவது, கெட்டுவிடும்.

அப்புறம், ஹோஸில் எண்ணெய் வந்ததற்கு இன்னொரு காரணம்: எஞ்சின் ஆறியிருக்கும்போது டிப்ஸ்டிக்கை (எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி) பார்த்து எண்ணெயை அதிகம் ஊற்றியிருந்தேன். சூடேறி ஐட்லிங்கில் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். முக்கால் லிட்டர் எடுத்த பிறகு, 300 கிலோமீட்டருக்குக் கேனில் ஒரு தேக்கரண்டிதான் சேர்ந்தது.