தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம்: மகளுக்கு எதைக் காட்டுவது?

வரைதாள்:
அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் போகிறேன். அவளுக்கு 12 வயது. எந்நேரமும் பென்சிலும் கையுமாக இருப்பவள். பெரிய கோயிலைப் பலமுறை பார்த்தாயிற்று. இந்த முறை காலைப் பொழுது முழுவதும் அரண்மனைக்குள் இருக்கும் கலைக்கூடத்துக்குத்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் உறவினர் கூட்டத்தோடு போய், அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் கடந்து வந்துவிட்டோம். வெளியே வந்ததும் "என்னம்மா பார்த்தாய்?" என்று கேட்டேன். "நிறைய சாமி" என்றாள். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது. எந்தச் சிலைகளின் முன் நிற்க வேண்டும், என்ன சொல்லித்தர வேண்டும்? எனக்குச் சிற்பம் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழவாசல்:
பழைய பஸ் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். கலைக்கூடமும் சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடமும் மராட்டியர் தர்பாரும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. ஆனால் டிக்கெட் தனித்தனி. வெயில் ஏறுவதற்குள் கலைக்கூடத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

நாயக்கர் தர்பார் மண்டபத்தில் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் வெண்பளிங்குச் சிலை நிற்கிறது. இங்கிலாந்துச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் செய்தது. சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய ஷ்வார்ட்ஸ் தேவாலயத்திலும் அவர் கைவேலை உண்டு: மரணப்படுக்கையில் கிடக்கும் பாதிரியார் ஷ்வார்ட்ஸின் கையைச் சரபோஜி பற்றியிருக்கும் புடைப்புச் சிற்பம். இரண்டையும் ஒரே நாளில் காட்டுங்கள்.

மெழுகுக்கரு:
சுவாமிமலையில் ஒரு பட்டறையில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அந்தக் கலைக்கூடத்துக்கு எத்தனை முறை போனேன் என்று கணக்கில்லை. உங்கள் மகள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை, அம்மா. அத்தனை செப்புத் திருமேனிகளையும் ஒரே மூச்சில் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். எனவே இரண்டே இரண்டு போதும்.

முதலாவது, திருவெண்காட்டு ரிஷபவாகனர். முதலாம் இராசராசன் காலம், 1011. பக்கத்தில் நிற்கும் தேவி அடுத்த ஆண்டு, 1012. திருவெண்காட்டுக் கல்வெட்டுகளை வைத்துச் சொல்லும் காலம் இது. சிவபெருமான் கால்களைக் குறுக்கே வைத்து, ஒரு கையைக் காளையின் மேல் சாய்த்தபடி நிற்கிறார். காளை இல்லை. மண்ணுக்குள்ளிருந்து அவர் வந்தார், காளை வரவில்லை. மகளிடம் முதலில் இதைச் சொல்லிவிடாதீர்கள். "இவர் கை எதன் மேல் இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். கொஞ்ச நேரம் பார்த்தால் அவளே காளையின் உயரத்தைச் சொல்வாள், முதுகு எங்கே வளைகிறது என்பதையும் சொல்வாள். அவளால் அதை வரையவும் முடியும். அந்தக் கையின் தளர்வில் அவ்வளவும் இருக்கிறது. தலைப்பாகை போலச் சுற்றிய சடைக்குள் பாம்புகள் எங்கெங்கே நுழைந்து வெளிவருகின்றன என்று விரலால் காற்றில் தொடரச் சொல்லுங்கள்.

ரிஷபவாகனரின் அந்த விரல்களை நான் மறக்கவே மாட்டேன். நாங்கள் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி உருப்பிடிப்போம். முதல் பூச்சு காவிரி வண்டல், நைசாக அரைத்தது. மெழுகில் கைரேகை விழுந்திருந்தால் அதையும் அந்த வண்டல் பிடித்துக்கொள்ளும். பிறகு சூட்டில் மெழுகு உருகி வெளியேற, அதே இடத்தில் உலோகம் இறங்கும். கருவை, அதாவது அந்த மண் அச்சை, உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும் என்பதால் ஒரு கருவுக்கு ஒரு சிலைதான். இன்று நாங்கள் வார்த்தபின் உளியும் அரமும் கொண்டு நாள்கணக்கில் நகையையும் மடிப்பையும் செதுக்குகிறோம். அந்தக் காலத்து ஸ்தபதி பெரும்பாலானதை மெழுகிலேயே முடித்திருக்கிறார். அதனால்தான் தோளில் ஒரு மெதுமை, பிடித்துவிட்ட மாவு போல.

இரண்டாவது கல்யாணசுந்தரர். அதுவும் திருவெண்காடுதான். மணமகளின் கையைச் சிவன் பற்றியிருக்கிறார். தாரைவார்க்கத் திருமாலும் திருமகளும் நிற்கிறார்கள். முகத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் பற்றிய அந்த இரு கைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பெரியவர் அதைக் காட்டி, "இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை, பார்" என்றார். பட்டறையில் அந்தப் பிடியைச் செய்ய நான் எடுத்துக்கொண்டது நான்கு ஆண்டுகள்.

இன்னொன்று. எந்தச் சிலையானாலும் பக்கவாட்டில் நின்று முதுகு தெரிகிற அளவுக்குப் பாருங்கள். கோயிலில் உற்சவரைப் பட்டும் மாலையும் மூடியிருக்கும்; முகமும் கையும் மட்டுமே நமக்குக் கிடைக்கும். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்காமல் பின்கழுத்துச் சடையையும் இடைக்கட்டின் முடிச்சையும் முடித்திருக்கிறார்கள். பீடத்துத் துளைகளையும் காட்டுங்கள். திருவீதி உலாவுக்குக் கட்டித் தூக்குவதற்காக விட்டவை.

வெண்காட்டுக்காரன்:
எனக்குச் சொந்த ஊர் திருவெண்காடு. மேலே எழுதிய ஐயா சொன்னது அத்தனையும் உண்மை. ஆனாலும் என் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பாயியை அங்கே அழைத்துப்போனேன். ரிஷபவாகனர் முன் நின்றவள், "ஒரு முழம் பூ இல்லாமல் நிற்கிறாரே" என்று அழுதுவிட்டாள். எங்கள் ஊர் அர்த்தநாரீசுவரர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். மண்ணில் கிடைப்பது அரசுக்குப் போகும் என்ற புதையல் சட்டம் 1878 முதலே இருக்கிறது. அது எனக்குத் தெரியும். சிலைகள் களவு போகும் காலத்தில் பூட்டிய கூடம் பாதுகாப்பு என்பதும் தெரியும். ஆனால் உங்கள் மகளிடம் இவர்கள் ஓர் ஊரில் உலா வந்தவர்கள் என்பதையும் சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த விடுமுறையில் திருவெண்காட்டுக்கும் வாருங்கள். பூம்புகார் பக்கம்தான்.

மெழுகுக்கரு:
ஐயா, உங்கள் அப்பாயி அழுதது நியாயம். கண் திறந்து அனுப்பிய சிலைக்கு அபிஷேகம் இல்லையென்றால் செய்தவனுக்கும் நெஞ்சு கனக்கும். ஆனால் பூவோடு மட்டும் பார்த்திருந்தால் அந்தத் தோளை நான் கற்றிருக்கவே முடியாது. இரண்டும் எனக்கு வேண்டும்.

வரைதாள்:
எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு மகளிடம் சிலையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், கண்ணுக்குத் தெரியாத மாட்டின் மேல் சாய்ந்து நில் என்றேன். கூடத்தின் நடுவே அரை நிமிடம் நின்றவள், "மாடு இன்னும் கொஞ்சம் குட்டையாக இருக்க வேண்டும், அம்மா, தோள் வலிக்கிறது" என்றாள். வரைபுத்தகம் இப்போதே பைக்குள் போய்விட்டது. திருவெண்காட்டுக்குப் பொங்கல் விடுமுறையில் வருகிறோம், ஐயா. பூவும் கொண்டுவருகிறோம்.