ரைவல்ஸில் பிடிபட்டால் புள்ளியெல்லாம் போவது நியாயமா?
(ரைவல்ஸின் ஆன்லைன் சர்வர்கள் 2025இல் மூடப்படுவதற்கு முன் நடந்த பேச்சு இது.)

நைட்ரோநாகு:
2013இல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் ரைவல்ஸை மறுபடி முதலிலிருந்து ஆடிக்கொண்டிருக்கிறேன். போலீஸ், ரேசர் துரத்தல் கேம்களில் இதன் புள்ளி விதியை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது என் கட்சி. ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ரேசராக ஓட்டிச் சேர்க்கும் ஸ்பீட் பாயிண்ட் எதுவும் மறைவிடத்துக்குள் வண்டியை நுழைக்கும்வரை நம்முடையது இல்லை. வெளியே சுற்றச் சுற்றப் புள்ளி பல மடங்காகும், கூடவே ஹீட்டும் (போலீஸ் நம்மைத் தேடும் தீவிரம்) ஏறும். நடுவில் போலீஸ் மடக்கினால் கையிலிருப்பது மொத்தமும் காலி. நேற்று ராத்திரி “இன்னும் ஒரே ஒரு ரேஸ்” என்று ஆசைப்பட்டு, மறைவிடத்துக்கு இரண்டு வளைவு இருக்கும்போது மாட்டினேன். தப்பு என்னுடையதுதான். ஆனால் உள்ளங்கை வியர்த்த கேம் இது ஒன்றுதான்.

சைரன்சத்தம்:
வியர்ப்பது ரேசருக்கு மட்டும்தானே நாகு? என் குறையே அதுதான். போலீஸ் பக்கம் போய்ப் பாருங்கள். கார் வாங்கப் புள்ளி செலவழிக்க வேண்டாம், லெவல் ஏறினால் தானாகத் திறக்கும். மடங்குக் கணக்கும் கிடையாது. ஒருவன் வீட்டை அடகு வைத்துச் சீட்டாடுகிறான், எதிரே இருப்பவன் பொழுது போகவில்லையே என்று உட்கார்ந்திருக்கிறான். இது என்ன ஆட்டம்?

இதே வரிசையில் வந்த 2010 ஹாட் பர்சூட்டில் இந்தக் கோணல் இல்லை. டயரைக் கிழிக்கும் ஸ்பைக், எதிர்க் காரை மின்னலையால் தாக்கும் ஈஎம்பி இரண்டு பக்கமும் உண்டு. ரேசருக்கு வேகம் கூட்டும் டர்போவும் போலீஸ் கருவிகளை முடக்கும் ஜாமரும், போலீஸுக்கு ஹெலிகாப்டரும் சாலைத் தடுப்பும். யாரிடம் எது இருக்கிறது என்று தெரிந்து ஆடலாம். தோற்றால் அந்த ஒரு ஆட்டம்தான் போகும், ஒரு மணி நேர உழைப்பு போகாது.

நைட்ரோநாகு:
அந்த ஹாட் பர்சூட்டில் சீக்ரெஸ்ட் கவுண்டி என்ற திறந்த வரைபடம் எதற்கு இருந்தது? சும்மா ஓட்டிப் பார்க்கலாம், காற்று வாங்கலாம், அவ்வளவுதான். துரத்தலெல்லாம் மெனுவில் தேர்ந்தெடுத்து உள்ளே போனால்தான். ரைவல்ஸின் வரைபடமான ரெட்வியூவில் அப்படி இல்லை. ஆல்டிரைவ் என்ற ஆன்லைன் வசதி வழியாக ஆறு பேர் வரை ஒரே வரைபடத்தில் சுற்றுகிறோம். நான் ஒரு ரேஸில் இருக்கும்போது, முன்பின் தெரியாத யாரோ தன் துரத்தலோடு குறுக்கே வந்து, அவர் பின்னால் வந்த போலீஸ் என் மேல் திரும்பும். அதை யாரும் எழுதி வைக்கவில்லை, தானாக நடக்கிறது. அந்த நேரத்தில் கையில் புள்ளி இல்லையென்றால் எனக்கென்ன பயம், சொல்லுங்கள்.

சந்துக்கார்:
சிக்னலில் நிற்பது போல ஒரு நிமிடம் நிறுத்தி வைக்க முடியாத கேம். காலிங்பெல் அடித்தால் ஒன்று வாசல், இல்லையென்றால் புள்ளி.

சைரன்சத்தம்:
சந்து சொன்னதோடு இதையும் சேருங்கள். அறையை நடத்துகிறவர் வெளியேறினால் இன்னொருவருக்கு மாற்ற கேம் சில நொடி அப்படியே உறையும். நடுத் துரத்தலில் 300 கிலோமீட்டர் வேகத்தில் அது நடந்தால் உங்கள் கை வியர்வையெல்லாம் காய்ந்துவிடும். இப்படி ஆடுகிற தரைமேல் இழப்பு விதியை வைத்தது துணிச்சலா, அலட்சியமா?

பழையகீபோர்டு:
பெரியவர்கள் பேச்சில் நுழைவதற்கு மன்னிக்கவும் (வயதில் நான்தான் பெரியவனாக இருப்பேன்). இதே வரிசையின் 2005 மோஸ்ட் வாண்டட் பெயரே வரவில்லையே, என்ன அநியாயம்!

அதில் துரத்தல் இரண்டு கட்டம். முதலில் பார்வையிலிருந்து தப்ப வேண்டும், அப்புறம் தேடல் தணியும் கூல்டவுன் நேரம் முடியும்வரை ஒளிந்திருக்க வேண்டும். தப்பித்த பிறகுதான் திகிலே. ஒரு சந்தில் வண்டியை நிறுத்திவிட்டு, போலீஸ் கார் அந்த முனையைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருப்போம். அந்த கேமின் நகரமான ராக்போர்ட்டில் பெட்ரோல் பங்க் கூரையை, டோனட் கடையின் அந்த ராட்சத டோனட்டைத் துரத்துகிறவர்கள் தலையில் தள்ளலாம். எல்லாவற்றையும்விட அந்தப் போலீஸ் ரேடியோ! நம் காரின் நிறத்தைச் சொல்வார்கள், ஸ்பைக் கேட்பார்கள். காதைத் தீட்டிக்கொண்டால் முன்கூட்டியே பாதை மாற்றலாம். ரைவல்ஸில் கார் அடிபட்டால் ஒரு ரிப்பேர் ஷாப்புக்குள் நுழைந்து மறுபக்கம் புத்தம்புதிதாக வருகிறோம். அதில் என்ன தந்திரம் இருக்கிறது?

சைரன்சத்தம்:
ஐயா, ஒளிவதில் மோஸ்ட் வாண்டட்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் நான் போலீஸாக ஆட முடியாதே. 1998இல் வந்த பழைய ஹாட் பர்சூட்டிலேயே கொடுத்த வசதி அது.

நைட்ரோநாகு:
ரிப்பேர் ஷாப்பைச் சும்மா சொல்லிவிட்டீர்கள். ஹீட் ஏறிய பிறகு நேராக அங்கே போகிறவனைத்தான் எதிர்ப்பக்கம் ஆடும் மனிதன் காத்திருந்து பிடிப்பான். கணினி போலீஸுக்கு அந்தப் புத்தி வராது.

பழையகீபோர்டு:
இது எனக்குத் தோன்றவில்லை. சரி, அந்த இடத்தில் உங்கள் பக்கம்.

சந்துக்கார்:
பிசியில் ரைவல்ஸை நொடிக்கு 30 ஃபிரேமில் (படங்களில்) பூட்டி வைத்ததையும் யாராவது திட்டுங்களேன். பூட்டை அரைகுறையாக உடைத்தால் கேமே இரட்டை வேகத்தில் ஓடும். கடிகாரத்தை ஃபிரேமோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

சைரன்சத்தம்:
அதில் எல்லோரும் ஒரே கட்சி, விவாதமே வேண்டாம். நாகு, என் கேள்வி அப்படியே நிற்கிறது. போலீஸும் எதையாவது பணயம் வைக்கட்டும். கார் நொறுங்கினால் அந்தச் சுற்றில் சம்பாதித்ததில் பாதி போகட்டும். அப்போது ஒத்துக்கொள்கிறேன்.

நைட்ரோநாகு:
அப்படி வைத்தால் மோதுவதற்கே யோசிப்பார்கள். பின்னாலேயே பத்திரமாக வரும் போலீஸிடம் யார் பயப்படுவது? இழக்க ஒன்றும் இல்லாதவன் துரத்துவதால்தான் அது துரத்தல்.

சைரன்சத்தம்:
நான் ஒப்பவில்லை. ஆனால் இன்று ராத்திரி நான் போலீஸ். நீங்கள் எவ்வளவு புள்ளியோடு வெளியே சுற்றுகிறீர்கள்?

நைட்ரோநாகு:
அதைச் சொல்வேனா!