காற்றாலை வருமுன் கடற்கரையைக் கேட்க வேண்டும்

அன்புள்ள சங்க உறவுகளுக்கு வணக்கம்.

கடல் காற்றாலை வரலாமா, கூடாதா என்றே இத்தனை நாளும் பேசிக்கொண்டிருக்கிறோம். கரையில் வாழ்பவர்களை எந்தக் கட்டத்தில் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இடத்தைக் குறித்து, டெண்டரும் விட்டபிறகு கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டால் அங்கே பேச என்ன மிச்சம்?

டென்மார்க்கில், கோபன்ஹேகனை ஒட்டிய மிடில்குருண்டன் கடல்பகுதியில் முதலில் மூன்று வரிசையில் 27 காற்றாலைகள் போடத்தான் திட்டம். 1997-ல் மக்கள் கருத்தைக் கேட்டபின் அது வளைந்த ஒரே வரிசையில் 20 ஆனது. பாதி உரிமை கூட்டுறவுச் சங்கத்துக்கு. 8,000 பேருக்கு மேல் பங்கு வாங்கினார்கள்.

சரி, பங்கு வாங்கக் காசில்லாத மீனவக் குடும்பம் என்ன செய்யும்? ஸ்காட்லாந்தின் கீயா தீவு எனக்குப் பிடித்திருப்பது அதனால்தான். தீவு மக்களின் அறக்கட்டளையே கடனும் மானியமும் திரட்டிப் பழைய காற்றாலைகள் மூன்றை வாங்கி நிறுவியது. அந்த வருமானம் பழுதான வீடுகளைச் சீராக்கவும் உதவியது. தனியாள் யாரும் முதல் போட வேண்டியிருக்கவில்லை.

பணத்தைவிட முக்கியம் மீனவரின் கடலறிவு. கடலடியில் எங்கே பார் (பாறைத்திட்டு), எங்கே சேறு, எந்தப் பருவத்தில் நீரோட்டம் எப்படித் திரும்பும், வலை எங்கே விழும் என்று அவர்களுக்குத் தெரியும். காற்றாலை மின்சாரத்தைக் கரைக்குக் கொண்டுவரும் கேபிள் போகும் தடத்தை அவர்களோடு உட்கார்ந்துதான் வரைய வேண்டும். இங்கிலாந்தின் வெஸ்டர்மோஸ்ட் ரஃப் காற்றாலைப் பகுதியில் சிங்கி இறால் ஆய்வை உள்ளூர் மீனவர் குழுவே தன் படகில் போய்ச் செய்தது. கட்டுமானத்துக்காக மூடிய பகுதியைத் திறந்தபோது பெரிய சிங்கிகள் கூடுதலாகக் கிடைத்தன. சிங்கி பிடிக்கும் கூண்டை இழுத்து அளந்தவர்கள் தொழில்காரர்கள் என்பதால் அந்தக் கணக்கைக் கரையில் யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது. அதே முடிவு எல்லாக் கடலிலும் வரும் என்று சொல்லமாட்டேன். இழுவலைக்கும் கூண்டுக்கும் பாதிப்பு ஒன்றல்ல.

இன்னொன்று, இழப்பீடு. படகுப் பதிவை மட்டும் பார்த்துக் கொடுத்தால் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர், மீன் விற்கும் பெண்கள், கரையில் சிப்பி பொறுக்குபவர் எல்லாரும் விடுபட்டுப்போவார்கள். அவர்களையும் காற்றாலை நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதச்சொல்ல வேண்டும்.

நம்மில் வக்கீல்களும் மின் பொறியாளர்களும் இருக்கிறீர்கள். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களைப் படித்து, எளிய தமிழில் விளக்கக்குறிப்பு எழுத யார் முன்வருவீர்கள்? இந்த மடலுக்கே பதில் போடுங்கள்.