ஸ்கிராபிள்: யூ இல்லாமல் க்யூ வந்தால்?

கேள்வி: ஆங்கில எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்துக்காக, க்யூவுக்கு (Q) அடுத்து யூ (U) வராத சொற்களைத் தேடுகிறேன். சொற்பட்டியல் கோப்பில் 'க்யூவை அடுத்து யூ அல்லாத எழுத்து' என்று தேடினேன். 'தலாக்' (TALAQ) வரவே இல்லையே, ஏன்?

பதில் 1: அந்தத் தேடல் க்யூவுக்குப் பின் கட்டாயம் ஓர் எழுத்தைக் கேட்கிறது. அதனால் க்யூவில் முடியும் தலாக், சூக் (எஸ்-யூ-க்யூ) இரண்டும் விடுபடும். 'அல்லது வரி முடிவு' என்பதையும் சேருங்கள். யூவே இல்லாத சொற்கள் என்று வடிகட்டிவிடாதீர்கள், சூக் மறுபடி போய்விடும்.

பதில் 2: முதலில் க்யூ-ஐ (QI) என்ற சொல்லை மனப்பாடம் செய்யுங்கள். க்யூ வரும் ஒரே இரண்டெழுத்துச் சொல் அதுதான். மும்மடங்கு எழுத்துக் கட்டத்தில் க்யூவை வைத்துக் குறுக்கும் நெடுக்கும் அமைத்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் 31 (க்யூ 10×3, ஐ 1); 31+31, மொத்தம் 62 புள்ளி! அப்புறம் க்யூ-ஏ-டி (QAT), நாலெழுத்தில் வக்ஃப் (WAQF).

பதில் 3: க்யூவைக் கடைசிவரை பிடித்து வைக்காதீர்கள். எதிராளி முதலில் முடித்தால் உங்களுக்கு 10 புள்ளி குறையும், அவருக்கு 10 கூடும். பையில் 7 கட்டைகளுக்குக் கீழே போனால் கையிலுள்ள கட்டையை மாற்றவும் முடியாது.